கடைசி நட்டின் சிவப்பு

ஹெரால்டு காரின் முன்பாகத்தை அப்படியே தூக்கிவிடலாம். பானெட்டும் இரண்டு பக்கத்து மட்கார்டுகளும் ஒரே துண்டு. கொக்கியைக் கழற்றித் தள்ளினால் முதலை வாய் பிளந்த மாதிரி முன்னால் சாய்ந்து நின்றுவிடும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே என்ஜின் வேலை பார்க்கலாம். "மெக்கானிக்குக்கும் முதுகுன்னு ஒண்ணு கீதுன்னு நெனச்சு செஞ்ச ஒரே வண்டி இதான்" என்று சவுரிமுத்து சொல்வார்.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டோரம் இருந்த அவருடைய ஷெட்டில், தொண்ணூற்று மூன்றாம் வருஷம் தை மாதக் கடைசியில், க்ரீம் நிற ஹெரால்டு ஒன்று அப்படி வாய் பிளந்து நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு சவுரிமுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது. பின்னால் சைலன்சர் குழாயிலிருந்து வெள்ளைப் புகை.

"சோடா மாதிரி வருதே மேஸ்திரி" என்றார் வண்டியைக் கொண்டுவந்த ஹிதாயத்துல்லா.

"கேஸ்கெட் போயிருக்கும் பாய். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல ஒரு தகடு கீதில்ல, அது. கழட்டி மாத்தினா தீந்துது."

"ஏழு வருஷமா யாரும் திறக்காத என்ஜின்னு சொன்னீங்க."

"அதுக்குத்தான் பாய். ஏழு வருஷம் ஆனா கேஸ்கெட்டுக்கும் நரைக்கும்."

ஹிதாயத்துல்லா சிரித்தார். பல்லாவரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். சின்ன வயதில் யாரோ ஓட்டிப் போன ஹெரால்டைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அந்த வண்டியின் மேல் ஒரு கண். போன மாதம்தான் ஆசை நிறைவேறியது. விற்றவர் பொன்னுசாமி, ரயில்வேயில் அலுவலக சூப்பிரண்டு. வீடு இதே மேற்குத் தாம்பரத்தில். ஆனால் ஹிதாயத்துல்லா வண்டியை வாங்கியது பொன்னுசாமியின் பேச்சை நம்பி இல்லை. வண்டி பார்க்க வந்த சாயங்காலம் பொன்னுசாமி வீட்டுப் போர்ட்டிகோவில் அதைச் சுற்றிவந்துவிட்டு, ஒதுங்கி நின்ற சவுரிமுத்துவிடம் வந்து, "சார் விக்கறவர், நல்லதைத்தான் சொல்வார். நீங்க சொல்லுங்க மேஸ்திரி. என்ஜின் எப்படி?" என்று கேட்டார்.

"என் கையத் தவிர வேற கை படல பாய். என்னை நம்பி எடுக்கலாம்" என்றார் சவுரிமுத்து. சொன்னதோடு நிற்கவில்லை. ஹெட்டின் பின்மூலையில் இருந்த ஒரு நட்டைக் காட்டினார். "இதோ பாருங்க, நான் வெச்ச சிகப்பு. யாராச்சும் தொறந்திருந்தா இது உடைஞ்சிருக்கும்." பொன்னுசாமி ஒரு டார்ச்சை எடுத்துவந்து தானே பிடித்தார். நட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. ஹிதாயத்துல்லா தலையசைத்தார். அப்போதே பேரம் முடிந்துவிட்டது.

அந்தச் சிவப்புக்கு ஒரு கதை உண்டு.

ஹெட் என்பது என்ஜினின் மேல்பாதி. வால்வுகள் இருப்பது அதில்தான். ஹெரால்டில் அதைப் பத்து நட்டுகள் கீழ்ப்பாதியான பிளாக்கோடு சேர்த்துப் பிடிக்கும். முறுக்குவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. நடுவில் தொடங்கி, மாறி மாறி இரண்டு பக்கமும் போய், மூலையில் முடிக்க வேண்டும். அந்தக் கடைசி நட்டை மட்டும் சவுரிமுத்து முறுக்க மாட்டார். வண்டிக்காரர் கையில் ரெஞ்சைக் கொடுத்து இழுக்கச் சொல்வார். "நாளைக்கு எதுனா ஆனா பாதிப் பாவம் உங்களுது" என்பார். வண்டிக்காரர்களுக்கு அது பிடித்திருந்தது. டாக்டர்களும் வாத்தியார்களும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து இழுப்பார்கள்.

இந்தப் பழக்கம் தொடங்கியது பொன்னுசாமியின் போர்ட்டிகோவில்தான். எண்பத்தாறில் இதே ஹெரால்டின் ஹெட்டை சவுரிமுத்து அங்கேயே இறக்கி, வால்வு வேலை பார்த்து, திரும்ப ஏற்றினார். பத்தாவது நட்டுக்கு வந்தபோது பொன்னுசாமி, "அதை நான் முறுக்கறேனே சவுரி" என்று குழந்தை மாதிரி கேட்டார். முறுக்கினார். நட்டு நகர்ந்தால் தெரிகிற மாதிரி ஒரு கோடு போட பெயின்ட் தேடினார் சவுரிமுத்து. இல்லை. பொன்னுசாமியின் மனைவி சரசு உள்ளே போய்த் தன் கியூட்டெக்ஸ் நகப்பூச்சு பாட்டிலைக் கொண்டுவந்தாள். "இது போதுமாண்ணே? ஒரு கல்யாணத்துக்குப் போட வாங்கினது. கல்யாணம் முடிஞ்சிடுச்சு." நட்டைப் பெட்ரோல் துணியால் பளிச்சென்று துடைத்துவிட்டு, நட்டின் மேலிருந்து போல்ட்டின் முனைக்கு ஒரே கோடாக இழுத்தார் சவுரிமுத்து. அரக்குச் சிவப்பு. அன்றிலிருந்து அந்த பாட்டில் அவருடைய டூல் பெட்டியில்தான் கிடந்தது. கெட்டியானால் இரண்டு சொட்டு தின்னர். அவர் ஏற்றிய ஹெட் ஒவ்வொன்றிலும் கடைசி நட்டில் அந்தக் கோடு இருக்கும்.

ஹிதாயத்துல்லா பஸ் ஏறிப் போன பிறகு சவுரிமுத்து வேலையைத் தொடங்கினார். தண்ணீரை வடித்தார். கார்புரேட்டரையும் மானிஃபோல்டையும் கழற்றினார். மேல்மூடியை எடுத்து, ராக்கரைத் தூக்கி வைத்தார். புஷ்ராடு கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி, துளை போட்ட ஒரு பிஸ்கட் அட்டையில் வரிசை மாறாமல் குத்தினார். எது எங்கிருந்து வந்ததோ அங்கேதான் திரும்பப் போக வேண்டும். ஏழு வருஷம் ஒரே இடத்தில் தேய்ந்து பழகியவை. பிறகு நட்டுகளுக்கு வந்தார். கழற்றும்போது வரிசை தலைகீழ். கடைசியில் முறுக்கியதை முதலில் தளர்த்த வேண்டும். எனவே முதலில் அந்தச் சிவப்பு.

ஸ்பானரைப் பொருத்தியதுமே கோடு உரிந்து வந்தது. வேர்க்கடலைத் தோல் மாதிரி, முழுசாக. அவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

ஏழு வருஷத்துக் கியூட்டெக்ஸ் உரியாது. பொடியாக உதிரும். சவுரிமுத்து அந்தத் தோலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. நிறம் அரக்கு இல்லை, ரோஸ் கலந்த சிவப்பு. டூல் பெட்டியிலிருந்து தன் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டார்ச் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். டார்ச்சைப் பிடித்தவர் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பிடித்தார் என்பது இப்போது ஞாபகம் வந்தது.

மற்ற நட்டுகளை அவர் அவசரமில்லாமல் தளர்த்தினார். நடுவில் இருந்த இரண்டு நட்டுகளின் முனை மழுங்கியிருந்தது. அளவில்லாத ஸ்பானரை வைத்து யாரோ திருகியிருக்கிறார்கள். மரச் சுத்தியலால் இரண்டு பக்கமும் தட்டி, சக்கரத்தின் மேல் நின்று குனிந்து, ஹெட்டைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்தார். கேஸ்கெட் புதுசு. ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. ஹெட்டைக் குப்புறத் திருப்பினார். கரியைச் சுரண்டினார். இரண்டாவது சிலிண்டருக்கு மேலே, வால்வு உட்காரும் இரண்டு வளையங்களுக்கு நடுவே, இரும்பில் ஒரு வரிசைப் பொட்டுகள். விரிசல் ஓடிய தடத்தில் துளை போட்டு, மரை வெட்டி, சின்னச் சின்ன ஆணிகளை ஒன்றை ஒன்று கவ்வும்படி முறுக்கி, தலையை அராவி மட்டமாக்கியிருந்தார்கள். தையல். நல்ல தையல்தான். அதையும் தாண்டி விரிசல் இப்போது தண்ணீர் ஓடும் அறைவரை போயிருந்தது.

சவுரிமுத்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். விரிசலைப் பற்றி அவர் நினைக்கவில்லை. இரும்பு விரியும், அது நடக்கிறதுதான். கோடு போடுகிற பழக்கம் யாருக்குத் தெரியும் என்று நினைத்தார். நூறு பேருக்குத் தெரியும். அது உடைந்தால் திரும்பப் போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

வார்ப்பிரும்பில் அப்படித் தையல் போடுகிற ஆள் அந்தப் பக்கத்தில் ஒருவர்தான், கீழ்க்கட்டளையில். ஞானஜோதி என்று பேர் கேள்விப்பட்டதுண்டு, முகம் பார்த்ததில்லை. மதியமே மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். பட்டறை வாசலில் ஞானஜோதி ஒரு லாரி பிளாக்கின் மேல் குந்தி அராவிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஹெரால்டு ஹெட்டு. க்ரீம் கலர் வண்டி. நீங்க தெச்சதா?"

"ஆமாண்ணா. நான்தான். புடிச்சிகினு கீதா?"

"இல்ல."

"தெரியும். அந்த சாராண்ட அப்பவே சொன்னேன். சார், இது ரொம்ப நாள் தாங்காது, வேற ஹெட்டு தேடுங்கன்னு. ஓட்டறதுக்கு இல்லப்பா, விக்கறதுக்குன்னாரு. நமக்கு இன்னா? தெச்சுக் குடுத்தேன்."

"கடைசி நட்டுல ஒரு சிகப்பு கீதே?"

ஞானஜோதி அரத்தைக் கீழே வைத்தார். குரல் கொஞ்சம் தணிந்தது. "அது ஒரு மாதிரி விசயம்ணா. அந்த வண்டிக்கு முன்ன ஒரு மேஸ்திரி இருந்தாராம், தாம்பரத்துல. சவுரியோ இன்னாவோ பேரு சொன்னாரு. தவறிட்டாராம். அவரு போட்ட அடையாளமாம் அது. அது இல்லாம வண்டியப் பாக்க மனசு கேக்கலப்பா, அப்படியே திரும்ப வெச்சுக் குடுன்னு, சாரே பாட்டிலு கொண்டாந்தாரு. நம்ம தொழிலுக்காரன் ஆச்சே. செருப்பக் கழட்டி வெச்சிட்டுத்தான் பூசினேன்."

"எப்படிச் செத்தாராம்?"

"நெஞ்சு வலின்னாரு."

"பூசறதுக்கு முன்னாடி நட்டைத் தொடச்சியா?"

"இல்லியே. ஏன்?"

"எண்ணெ மேல பூசினா நிக்காது."

ஞானஜோதி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாருண்ணா?"

"அந்த சவுரியோ இன்னாவோதான்."

ஞானஜோதி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு டீயாவது சாப்ட்டுப் போங்கண்ணா" என்றார்.

"செத்தவனுக்கு எதுக்குப்பா டீ" என்று சொல்லி மொபெட்டை உதைத்தார் சவுரிமுத்து. சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. மேடவாக்கம் ரோடு வரும்வரை சிரிப்பு இருந்தது. அப்புறம் இல்லை.

பொன்னுசாமியின் போர்ட்டிகோவில் ஹெரால்டு நின்ற இடத்தில் ஒரு புது மாருதி நின்றது, சீட்டில் சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்காமல். பொன்னுசாமி ஈசிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வா சவுரி. உட்கார்."

"நான் செத்துட்டேன்னு கேள்விப்பட்டேன் சார். அடக்கம் எப்பன்னு கேட்டுனு போலாம்னு வந்தேன்."

பொன்னுசாமி பேப்பரை மடித்தார். நான்காக, எட்டாக மடித்தார். எப்போதும் சவுரிமுத்துவின் குரல் கேட்டதும் "வாங்கண்ணே" என்று காபியோடு வருகிற சரசு வரவில்லை. உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. அதுவும் நின்றது.

"பையன் பண்ணின வேலை" என்றார் பொன்னுசாமி. "ஃபிரெண்ட்ஸோட மகாபலிபுரம் போறேன்னு எடுத்துட்டுப் போனான். ஹோஸ் விட்டுப்போய் தண்ணி பூரா கொட்டியிருக்கு. தெரியாம ஓட்டிட்டான். கொதிக்கிற என்ஜின்ல பச்சைத் தண்ணியை ஊத்தியிருக்கான். டப்னு சத்தம் கேட்டுதாம்."

"என்னாண்ட எடுத்தாந்திருக்கலாமே."

"எடுத்துட்டு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"வேற ஹெட்டு தேடியிருப்பேன். கெடைக்கலன்னா, விரிசல் கீதுன்னு சொல்லி வித்துடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

"அதேதான்." பொன்னுசாமி முன்னால் சாய்ந்தார். ஆபீசில் கீழே வேலை செய்பவர்களுக்கு எடுத்துச் சொல்கிற குரல். "பாய் மட்டும் இல்ல சவுரி. வண்டி பார்க்க வந்த நாலு பேரும் உன்னைத்தான் கேட்டாங்க. நான் சொன்னா யாரும் நம்பலை. நீ சொன்னா நம்பறாங்க. ஆனா உனக்குப் பொய் வராது. உன்னைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனசு வரலை. அதனாலதான் உனக்குத் தெரியாமப் பண்ணினேன். யோசிச்சுப் பாரு. நீ அன்னிக்கு ஒரு பொய்கூடச் சொல்லலை. உனக்குத் தெரிஞ்ச உண்மையைத்தான் சொன்னே."

உபகாரம் செய்தவரைப் போல அவர் சொன்னார். சவுரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். எண்பத்தாறில் ஹெட்டை இறக்கி வைத்த இடத்தில் சிமெண்டில் ஒரு எண்ணெய்க் கறை இருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை என்று சரசு சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"செத்துட்டேன்னு எதுக்கு சார் சொன்னீங்க?"

"அந்த ஆள் கேட்டான், பழைய மெக்கானிக்கிட்டயே போகலாமேன்னு. ஏதோ வாயில வந்துது. அதைப் போய் மனசுல வச்சுக்காதே."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். வண்டிய நான் சரி பண்ணிக் குடுக்கறேன். என் செலவு. நீங்க எதுவும் தர வேணாம். ஞாயித்துக்கெழம பாய் வண்டி எடுக்க வருவாரு. நீங்க வந்து, சவுரிக்கு இது தெரியாதுன்னு அவராண்ட ஒரு வார்த்த சொல்லணும். அவ்ளோதான்."

"வரேன். கண்டிப்பா வரேன்" என்றார் பொன்னுசாமி உடனே. செலவு தன் தலையில் விழாது என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்ததை சவுரிமுத்து பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்தார்.

வீட்டில் மனைவி செல்வமேரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பதினஞ்சு வருசமா கிறிஸ்மஸ் கேக்கு மொத துண்டு யாரு வூட்டுக்குப் போச்சு?" என்றாள். "இனிமே அந்த வூட்ல பச்சத் தண்ணி குடிச்சே, எனக்குக் கெட்ட கோவம் வரும். செத்தவன் தண்ணி குடிக்க மாட்டான்."

மறுநாள் காலையில் ஹிதாயத்துல்லா வந்தபோது ஹெட் பெஞ்சின் மேல் சுத்தமாகக் கழுவிக் கிடந்தது. புதுக் கேஸ்கெட்டைப் போட்டு மூடிவிட்டால் ஒரு மாதம் ஓடும். சவுரிமுத்துவுக்கு அது தெரியும். ராத்திரி ஒருமுறை அந்த எண்ணம் வந்து போனதும் உண்டு. அவர் ஹெட்டின் அடியில் மண்ணெண்ணெயைத் தடவினார். துணியால் துடைத்துக் காயவைத்தார். சாக்பீஸை நொறுக்கி அதன் மேல் தூவினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பொடியின் நடுவே ஈரமாக ஒரு கோடு எழும்பி வந்தது, எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி.

"இது விரிசல் பாய்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கீழ்க்கட்டளையையும் சொன்னார், போர்ட்டிகோவையும் சொன்னார். விரலில் ஒட்டிவந்த சிவப்புத் தோலை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அதையும் தன் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஹிதாயத்துல்லா இரண்டையும் பார்த்தார். "ரெண்டும் சிகப்புதான் மேஸ்திரி."

"இது வேற சிகப்பு பாய். நல்லாப் பாருங்க."

"நீங்க சொன்னா வேறதான்." கோபம் இல்லாத குரல். "அன்னிக்கும் இப்படித்தான் காட்டினீங்க. இதோ பாருங்க என் சிகப்புன்னு. அன்னிக்கும் பார்த்தேன்."

"அன்னிக்கு எனக்குத் தெரியாது."

"சரி. பொன்னுசாமி சாரோட எத்தனை வருஷப் பழக்கம்?"

"பதினஞ்சு."

"என்னோட?"

சவுரிமுத்து சிவப்புத் தோலை எடுத்துத் தீப்பெட்டிக்குள் திரும்பப் போட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. என் கடையில ஒருத்தர் பூட்டு வாங்கிட்டுப் போறார். மறுநாள் அது திறக்கலைன்னா, மொத்த வியாபாரி ஏமாத்திட்டான்னு நான் சொல்ல முடியாது. வாங்கினவருக்கு மொத்த வியாபாரியைத் தெரியாது. என்னைத்தான் தெரியும்." அவர் எழுந்தார். "சார் வந்து சொல்லட்டும். அவர் வாயால கேட்டா எனக்கும் நிம்மதி."

வேறு ஹெட் கிடைப்பது லேசாக இல்லை. ஹெரால்டு செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. சவுரிமுத்து புதுப்பேட்டையில் ஒரு நாள் அலைந்தார். கடைசியில் அனகாபுத்தூரில், மூடிப்போன ஒரு தோல் பதனிடும் ஷாப்பின் பின்னால், சக்கரமில்லாத ஒரு ஹெரால்டு கோழிக்கூண்டாக இருப்பதாகத் தகவல் வந்தது. ஆற்றங்கரை ஈரத்தில் நட்டுகள் துருவோடு துருவாக ஒட்டிப் போயிருந்தன. ஊற எண்ணெய் விட்டுவிட்டு வந்து, மறுநாள் போய், சூடு காட்டி, ஒவ்வொன்றாகப் பேச்சுக் கொடுத்துக் கழற்றுகிற மாதிரி கழற்றினார். ஒரு நட்டுகூட உடையவில்லை. கோழிகள் பானெட்டின் மேல் நின்று பார்த்தன. பழைய சாமான் என்று அந்த வீட்டுக்காரர் எதுவும் வாங்கிக்கொள்ள மறுத்தார். அதற்காக அவருடைய தண்ணீர் மோட்டாரைச் சரி செய்து கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வாரம் அவர் வேறு வேலை எடுக்கவில்லை. ஹெட்டை வெட்டின டிரம்மில் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் கொதிக்கவிட்டார். துருவும் கரியும் கரைந்து சாம்பல் நிற இரும்பு வெளியே வந்தது. மண்ணெண்ணெய், சாக்பீஸ். எங்கும் ஈரக்கோடு எழவில்லை. குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் கொடுத்து அடிமுகத்தை மயிரிழை அளவுக்குச் சீவி மட்டமாக்கினார். புது வால்வுகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைத்து, பேஸ்ட் தடவி, ரப்பர் முனைக் குச்சியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக் கடைந்தார். கடையக் கடைய, கரகரவென்று இருந்த சத்தம் மெத்தென்று ஆகும். அப்போது எடுத்துப் பார்த்தால் வால்வைச் சுற்றி ஒரே சீராக ஒரு சாம்பல் வளையம். அது முறியாமல் இருந்தால் காற்று கசியாது.

வேலை கையில் இருக்கும்போது மனசு வேறெங்காவது போகும். அன்றைய சாயங்காலத்துக்கே திரும்பத் திரும்பப் போனது. விற்பனை முடிந்ததும் சரசு கேசரி கொண்டுவந்தாள். சவுரிமுத்துவுக்கு மட்டும் ஸ்பூனோடு வைத்தாள், கையில் கிரீஸ் இருக்கும் என்று. "இந்த வண்டி போறது எனக்குத்தாண்ணே கஷ்டமா இருக்கு" என்றாள். அவர் தேற்றினார். பாட்டில் எங்கே வாங்கியிருப்பார்கள்? பொன்னுசாமிக்குக் கியூட்டெக்ஸ் நிறம் தெரியாது. கடையில் நின்று, இது இல்லை, இதைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக என்று கேட்டு வாங்கியவள் யார் என்று யோசிக்கும்போதெல்லாம் கடைகிற கை நின்றுவிடும். மறுபடி தொடங்குவார்.

ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் எல்லாம் ஏறிவிட்டது. புதுக் கேஸ்கெட், ஹெட், வரிசைப்படி ஒன்பது நட்டு. பத்தாவதைக் கையால் மட்டும் முறுக்கி விட்டிருந்தார். சர்ச்சில் பூசை முடிந்து திரும்பும் கூட்டத்துக்கு நடுவே ஹிதாயத்துல்லா நடந்துவந்து, ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் கடைப் பை. இருவரும் ரோட்டைப் பார்த்தார்கள். மாருதிகள் இரண்டு மூன்று போயின. எதுவும் திரும்பவில்லை.

"ஆபீஸ்காரர். ஞாயித்துக்கிழமை லேட்டாத்தான் எழுந்திருப்பார்" என்றார் ஹிதாயத்துல்லா. சவுரிமுத்துவுக்காகச் சொன்ன மாதிரி இருந்தது.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்காரர் எட்டிப் பார்த்து, "மேஸ்திரி, போன். ஒரு லேடீஸ்" என்றார்.

சவுரிமுத்து போய் ரிசீவரை எடுத்தார்.

"அண்ணே, நான்தான்" என்றாள் சரசு. "அவருக்கு ராத்திரியிலிருந்து உடம்பு சரியில்லண்ணே."

"நெஞ்சு வலியா?"

"அப்படி இல்லண்ணே…" என்று ஏதோ சொல்ல வந்தாள். பின்னால் பொன்னுசாமியின் குரல், நன்றாகவே இருந்த குரல், "வெச்சிடு, வெச்சிடு" என்றது. வைத்துவிட்டாள்.

திரும்பி வந்து சவுரிமுத்து ரெஞ்சை எடுத்துத் துடைத்தார். "வர மாட்டாரு பாய்."

"ம்."

"நான் சொல்றது…"

"வேணாம் மேஸ்திரி. நம்பறேன்னு சொன்னா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும். நம்பலைன்னு சொன்னா சண்டை போடுவீங்க. எனக்கு ரெண்டும் தெரியலை. வண்டி ஓடட்டும், பார்க்கலாம்." அவர் சட்டைக் கையை மடித்தார். "கடைசி நட்டை வண்டிக்காரர்தானே இழுக்கணும்? சார் வீட்ல சொன்னீங்க."

சவுரிமுத்து ரெஞ்சை நட்டில் பொருத்திக் கொடுத்தார். ஹிதாயத்துல்லா சக்கரத்தின் மேல் ஒரு காலை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நட்டு ஒரு முனகலோடு உட்கார்ந்தது.

சவுரிமுத்து டூல் பெட்டியில் குனிந்து சிவப்பு பாட்டிலைத் தேடினார். நிமிர்ந்தபோது ஹிதாயத்துல்லா கடைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவையும் பிரஷையும் எடுத்து மட்கார்டின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். பச்சை எனாமல். தன் கடைச் சரக்கு. மூடியைக் கழற்றி, பிரஷால் கலக்கினார்.

"ஒண்ணுல மட்டும் போட்டா போதாதுன்னு தோணிச்சு. பத்துலயும் போட்டுடறேன்" என்றார். "நான் போடற கோட்டை நான் அடையாளம் கண்டுபிடிப்பேன் இல்லையா?"

யாருடைய கைக்கு எதிராக அந்தப் பச்சை என்று கேட்க வேண்டியதில்லை. இத்தனை வருஷமும் தான் போட்ட கோடுகள் எல்லாம் வேறு யாரோ ஒரு மெக்கானிக்கின் கைக்கு எதிராக இருந்தவைதான். அந்த வேறு மெக்கானிக் இப்போது அவராகிவிட்டார். சிவப்பு பாட்டிலைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.

ஹிதாயத்துல்லா குனிந்து முதல் நட்டின் மேல் பிரஷை வைக்கப் போனார்.

"இருங்க பாய்" என்றார் சவுரிமுத்து. ஒரு சுத்தமான துணியை எடுத்து, பெட்ரோலில் நனைத்து, பிழிந்து, நீட்டினார். "தொடச்சிட்டுப் போடுங்க. எண்ணெ மேல போட்டா நிக்காது, உரிஞ்சிடும்."

ஹிதாயத்துல்லா துணியை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு குனிந்து ஒவ்வொரு நட்டாகத் துடைக்கத் தொடங்கினார். சவுரிமுத்து விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார், நன்றாகத் தெரிகிற மாதிரி.